மாஞ்சோலைக்குப் போகாத கார்

அண்ணன் பொய்யே சொல்லத் தெரியாதவர் என்று இந்த நினைவு மலரில் சிலர் எழுதியிருப்பதாக அச்சகத்தில் சொன்னார்கள். நல்லது. எழுதியவர்கள் வெளியாட்கள். நான் கூடப் பிறந்தவள். எனக்கு ஒதுக்கிய பக்கங்களில் உள்ளதைத்தான் எழுதுவேன். கர்த்தருக்குள் நித்திரையடைந்தவரைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு, ஜெபக்கூட்டத்தில் கொடுக்கிற காப்பியைக் குடிக்கலாம். அண்ணன் இருந்திருந்தால் "அவ எழுதட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான்.

அண்ணன் பிறந்தது முக்கூடலில். அப்பா அங்கே மிஷன் பள்ளி ஆசிரியர். அப்பா இறந்தபோது அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார். நான் சின்னப் பிள்ளை. அம்மா எங்களைப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்து, ஒரு பள்ளி விடுதியில் சமையலை மேற்பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தார். பையனைப் படிப்பை நிறுத்தச் சொல்லுங்கள், பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று புத்தி சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. அவர்களும் இந்த மலரைக் கையில் வாங்கிக்கொண்டுதான் போவார்கள் என்பதால் பெயர் வேண்டாம்.

அண்ணன் படிப்பையும் விடவில்லை, என்னையும் விடவில்லை. ஒரு பேரிங் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்தார். பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். ரைஸ் மில்லுக்கு பெல்ட், மாஞ்சோலை மலையில் தேயிலைத் தொழிற்சாலைக்கு பேரிங், கடற்கரையில் படகு இன்ஜினுக்குச் சாமான் என்று மாவட்டம் முழுக்க அலைந்தார். என்னை பி.எட். வரை படிக்க வைத்து இயற்பியல் டீச்சராக்கியது அந்தக் கடைதான். போலி பேரிங்கை ஒரிஜினல் என்று சொல்லி ஒருநாளும் விற்றதில்லை. கடையில் பொய் கிடையாது. அத்தனையையும் வீட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலைத் தோட்டத்து அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுப் போனபோது அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை அண்ணன் வாங்கினார். வெளிநாட்டு வண்டி. இரண்டே பேர்தான் உட்காரலாம். பச்சை நிறம், தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். தெருவில் எல்லாரும் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். "ரெண்டு பேரு இருக்குத காருல நான் எங்கன இருக்க?" என்று அம்மா கேட்டதற்கு அண்ணன் சிரித்தார். அந்த இரண்டாவது இருக்கை யாருக்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நாம் எங்கே யோசித்தோம்.

அந்தக் காருக்கு அடியில், இன்ஜினின் ஆயில் சேம்பரில் கல் அடிக்காமல் இருக்க, முன்னாலும் நடுவிலும் பின்னாலும் தகடுகள் உண்டு. பட்டறையில் அதை அடித்தகடு என்பார்கள். மலை ரோட்டில் ஓடி ஓடி அவை கிழிந்து தொங்கின. மாஞ்சோலைக்கு இனி வாரம் ஒருமுறை போக வேண்டியிருக்கும், புதுத் தகடு போடாமல் ஏற முடியாது என்றார் அண்ணன். சரி என்று நானும் இறங்கினேன். வீட்டு முற்றத்தில் காரைத் தூக்கி நிறுத்தி, சாக்கை விரித்து, நானும் அடியில் படுத்தேன். கிழிந்த தகடுகளைக் கழற்றி, பள்ளியிலிருந்து கொண்டுவந்த சார்ட் அட்டையில் அளவு வரைந்து, வளைவு, போல்ட் ஓட்டை எல்லாம் பார்த்து நான்தான் அச்சு வெட்டிக் கொடுத்தேன். அதை வைத்து முருகன்குறிச்சிப் பட்டறையில் ஜி.ஐ. தகட்டில் அடித்துத் தந்தார்கள். கல் அடித்தாலும் அதிராமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர் போடச் சொன்னதும் நான்தான். அண்ணன் பத்திரமாக மலை ஏறி இறங்க வேண்டுமே என்ற கவலை எனக்கு.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் "மலைக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்புவார். வரும்போது மாஞ்சோலைத் தூள் என்று ஒரு பொட்டலம் இருக்கும். மலைத் தூளின் வாசமே தனி என்று அம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் கொடுப்பார். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கிய தூள் அது. திரும்பி வந்ததும் நேராகக் கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்குப் போய்க் காரைக் கழுவித் துடைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். என்ன சுத்தம், என்ன பொறுப்பு என்று நான் பள்ளியில் பெருமை அடித்துக்கொண்டேன். மேலே கழுவினார், சரி. தகட்டுக்கு உள்ளே யார் கழுவுவது?

அந்த நாட்களில்தான் அண்ணனுக்குப் பெண் பார்த்தோம். என்னோடு வேலை பார்த்த தோழியை அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் சம்மதம். அண்ணனிடம் கேட்டபோது, "பைய பாப்போம்" என்றார். மறுபடி கேட்டேன். அப்போதும் "பைய பாப்போம்". எங்கள் ஊரில் பைய என்றால், ஆகட்டும், அவசரமில்லை, மெதுவாகச் செய்யலாம் என்றுதான் அர்த்தம். மாட்டேன் என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்கு இந்தத் தாமிரபரணிக் கரையில் எங்குமே கிடையாது. நம்பினேன். என் தோழியிடம், எங்க அண்ணன் மனசுல வேற நினைப்பு கிடையாது, நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். அவள் வந்த வரன்களையெல்லாம் தள்ளிவிட்டுக் காத்திருந்தாள்.

ஒரு மழைக்காலத்துக்குள் கார் அடியில் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அண்ணன் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். எழுந்து வருவதற்குள் சரிபண்ணி வைத்துவிடலாம் என்று பட்டறைக்காரரை வீட்டுக்கு வரச்சொன்னேன். சத்தம் கேட்டு அண்ணன் உள்ளேயிருந்து, தொடாத, நான் பைய பாத்துக்கிடுதேன் என்று குரல் கொடுத்தார். எனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நினைக்கிறாராக்கும் என்று உருகிப்போனேன். மடச்சி.

முன்தகட்டின் கடைசி போல்ட்டை நான் கழற்றியதும் ஒரு பக்கம் சரிந்தது. சாக்கின்மேல் மண் கொட்டியது. செங்கல் பொடி போலச் சிவப்பு. தேரி மண்.

மாஞ்சோலையில் ஏது தேரி? அங்கே கறுத்த மண்ணும் கல்லும்தான். இந்தச் சிவப்பு மண், திசையன்விளை தாண்டிக் கடற்கரைக்குப் போகிற வழியில் கிடப்பது. மலைக்கு நேர் எதிர்த் திசை. தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். கல் அடித்த நசுங்கல் ஒன்றுகூட இல்லை. போல்ட் எல்லாம் வெள்ளை பூத்து, தகடு ஓரமெல்லாம் அரித்திருந்தது. உப்புக்காற்று தின்ற இரும்பு. நிமிர்ந்து பட்டறைக்காரரைப் பார்த்தேன். கை கழுவ வேண்டும் என்று எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார். அவர் கையில் அழுக்கே இல்லை.

ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போய் அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"மாஞ்சோலைக்குத் தேரி எப்பண்ணே வந்திச்சு?"

அண்ணன் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு உவரில கலியாணம் முடிஞ்சிட்டு, ஏட்டி," என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. படகு இன்ஜின் சாமான் கொடுக்கப் போன இடத்தில் பழக்கம். பெண் தையல் டீச்சர். வேதக்காரர்கள்தான், ஆனால் எங்களைப்போல சி.எஸ்.ஐ. இல்லை, ரோமன் கத்தோலிக்கர். அம்மா சம்மதிக்கமாட்டார் என்ற பயம். நான் என் தோழியிடம் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே தாலி ஏறியிருக்கிறது. ஒளிச்சு மறைச்சுக் கெட்டல, கோயில்ல மூணு வாரம் ஓலை வாசிச்சுத்தான் கெட்டினேன் என்று அதிலே ஒரு பெருமை வேறு. ஓலை வாசிப்பதே, இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் வந்து சொல்லுங்கள் என்பதற்குத்தானே. உவரியில் மீன் வாங்க வந்தவனுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தடை சொல்ல வேண்டியவள் இங்கே காருக்கு வாஷர் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் வெட்டிக்கொடுத்த தகட்டின்மேல்தான் மாப்பிள்ளை ஊர்வலம் போயிருக்கிறார்.

அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "பைய சொல்லிக்கிடலாம்," என்றார்.

பையவாவது மண்ணாவது. அன்று சாயந்தரமே போய் நானே சொன்னேன். என் தோழி அழவில்லை. கேட்டுவிட்டு, "ஒனக்குமா தெரியாது?" என்றாள். அந்த "ஒனக்குமா" இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. அவள் நாகர்கோவிலுக்கு வேலை மாற்றிக்கொண்டு போய், அங்கேயே நல்ல இடத்தில் கல்யாணமாகி இருக்கிறாள். அவளுக்கு நல்லதுதான் நடந்தது. அது அண்ணன் செய்த நல்லது இல்லை.

அம்மா கொஞ்ச நாளில் சமாதானமாகிவிட்டார். பெற்ற வயிறு. நான் ஆகவில்லை. அண்ணன் மதினியை அழைத்து வந்து பெருமாள்புரத்தில் தனிக்குடித்தனம் வைத்தார். மதினி என்று இங்கே எழுதுகிறேனே தவிர, வாயால் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே அந்த வீட்டுக்குப் போவேன். போய் ஏசுவேன். தேரி மண்ணிலிருந்து தேயிலைத் தூள் வரைக்கும் வரிசையாக வரும். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிரசங்கம் கேட்கிறவர்போல உட்கார்ந்திருப்பார். நான் மூச்சு வாங்க நிறுத்தினால், "பொறவு?" என்பார். கார் தகடு இல்லாமல் கொட்டகையிலேயே கிடந்தது. பட்டறையில் அளவெடுத்துச் செய்து தருகிறோம் என்றார்களாம். வேண்டாம், தங்கச்சிதான் வெட்டணும் என்றாராம். இந்த ஜென்மத்தில் இல்லை என்றேன்.

பிறகு கொஞ்ச காலமாக வாரத்தில் பாதி நாள் மதுரைக்குப் போனார். சரக்கு எடுக்கப் போகிறேன் என்றார். முகம் உப்பியிருந்தது. உவரி மீனைத் தின்னு மொகமெல்லாம் ஊதிப்போச்சு என்று அதற்கும் ஏசினேன். சிரித்தார். ஒருநாள் மதுரையிலிருந்து உடலாகத்தான் வந்தார். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி நெடுநாள் ஆகியிருந்தது. வாசலில் கூடியிருந்தவர்களில் ஒருவர் முகத்திலும் திகைப்பு இல்லை. எனக்கு மட்டும்தான் அது செய்தி.

முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கும்போது மதினி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். டீச்சர், காருக்கு அட்டை வெட்டித் தருவீங்களா என்று கேட்டார். இந்த நாளுக்குள் அது ஓட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெட்டிக் கொடுத்தேன். தகடு வந்ததும் நாங்கள் இரண்டு பேருமே அடியில் படுத்துப் பூட்டினோம். மதினி தகட்டைத் தாங்கிப் பிடிக்க, நான் போல்ட் முடுக்கினேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் கேட்டேன்.

"மதினி, அண்ணன் சீக்க எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

மதினி தகட்டை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லிருவோம்னுதான் நான் சொன்னேன் டீச்சர். அவுக கேக்கல. 'தெரிஞ்சா ஏசமாட்டா. அவ ஏசுதத நிப்பாட்டிட்டான்னா நான் பொழைக்கமாட்டேன்னு எனக்கே தெரிஞ்சிரும்'னு சொன்னாவ."

நான் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே கிடந்து அழுதேன். உவரிக் கல்யாணத்தை மன்னித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதை மன்னிக்கமாட்டேன். அதில் என் தோழியிடம் கொடுத்த வாக்கு போயிற்று. இதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஒருநாளாவது சும்மா உட்கார்ந்திருக்கும் பாக்கியம் போயிற்று. அவருக்குத் தைரியம் வேண்டும் என்பதற்காக, சாகப்போகிற மனிதரைக் கடைசி ஞாயிறு வரைக்கும் என் வாயால் ஏசவைத்தார். துரோகம் என்றால் இதுதான். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

நன்றி சொல்லாமல் முடிப்பது முறையல்ல. அண்ணனை மதுரை ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிவிட்டு, என்னை ஒருநாள் கடைத்தெருவில் கண்டபோது சௌக்கியம் மட்டும் விசாரித்த எங்கள் ஊர் டாக்டருக்கு நன்றி. வீடு தேடிப்போய் அவருக்காக ஜெபித்துவிட்டு, கோயில் வாசலில் என்னிடம் கை மட்டும் குலுக்கிய சபைப் போதகர் ஐயருக்கு நன்றி. அதிகாலையில் அண்ணனை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போன பட்டறைக்காரருக்கு நன்றி. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட மதினிக்கும், தெரிந்தும் எனக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மாவுக்கும் நன்றி. என் தோழிக்கும் நன்றி. அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்கப் போனபோதுதான், ஆஸ்பத்திரிக்கு வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போனதை அவள் சொன்னாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "ஒனக்குமா தெரியாது?" என்று இந்த முறை அவள் கேட்கவில்லை.

உங்கள் எல்லாருக்கும் கர்த்தர் கிருபை செய்வாராக. அண்ணனுக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் என் கால் இன்னும் பெருமாள்புரம் பக்கம்தான் திரும்புகிறது. பாதி வழி போய்விட்டுத் திரும்பி வருகிறேன். நான் இன்னும் ஏசி முடிக்கவில்லை.