பச்சை நூல் சுற்றிய கண்ணாடி

2006 மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடையஞ்சாவடிப் பக்கம் படம் வரைகிறவர்களும் பானை வனைகிறவர்களும் வீட்டைத் திறந்து வைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று புதுச்சேரி முழுக்க நோட்டீஸ். அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்க அழைப்பே வந்தால் நான் விடுவேனா? காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது வீட்டில் சுவர் பூராவும் மரக்காணம் உப்பளம். நான் பிறந்த ஊராச்சே, நின்று குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. உப்பு வாரும் ஒருத்தி. முகத்தில் பக்கமெல்லாம் மூடிய கறுப்புக் கண்ணாடி. அதன் காதுப் பிடியில் பச்சை நூல்.

அதைச் சுற்றிக் கொடுத்தது நான். ஐப்பசியில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. கண்ணாடி காதை உறுத்துகிறது என்றாள். உப்பளத்து வெயிலில் இனி நின்றால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் என் கையைப் பிடித்து, இனி அனுப்பவே மாட்டேன் என்று சத்தியம் செய்தான். வாராவாரம் போனில் அம்மாவும் அதையேதான் சொன்னாள்: வீட்டில்தான் இருக்கிறேன், பொழுதே போகவில்லை.

வரைந்தவள் என்னைவிடச் சின்னப் பெண். எப்போது வரைந்தது என்று கேட்டேன்.

"போன மாசங்க. டெய்லி வேலைக்கு வர்றாங்க. கண்ணாடிய மட்டும் வரையாதம்மா, எம்பொண்ணு பாத்துட்டா வம்புன்னாங்க. அதுதானே படத்துக்கே அழகு, விட முடியுமா?"

சிரித்தாள். அறையலாம் போலிருந்தது. ஆனால் அறை வாங்க வேண்டியவள் அவள் இல்லை. ஒரு வீடே சேர்ந்து நான்கு மாதமாக என்னை ஏமாற்றியிருக்கிறது.

பக்கத்துப் பெட்டிக்கடையில் காசு போட்டு அண்ணனுக்கு போன் செய்தேன். அம்மாவிடம் கொடு என்றேன்.

"சாப்ட்டுட்டு இப்பதாம்மா படுத்துது. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

பஸ் பிடித்து மரக்காணத்தில் இறங்கி நேரே உப்பளத்துக்கு நடந்தேன். அந்த வெள்ளையில் எனக்கே கண் கூசியது. தூரத்திலேயே அம்மா தெரிந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே சேர்த்து வைத்திருந்தேன். அவள் நிமிர்ந்தாள். வருவது நான்தான் என்று தெரிந்ததும், கண்ணாடியை அவசரமாகக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.