ஒரு இடத்துக்கு ஒரே ஒரு பெயர்

ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்தேன். நடுவில் அதற்கு ஹெச்.ஆர். என்று பெயர் மாற்றினார்கள். மேஜை, நாற்காலி, நான் மூன்றும் மாறவில்லை. சஸ்பென்ஷன் ஆர்டர் எப்படி எழுதுவது, ஷிப்ட் பஸ் வராத நாளில் என்ன சாக்குச் சொல்வது என்றெல்லாம் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சர்வதேச மனித உரிமை நிபுணரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல ஆள் கிடைக்காது. நான் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

மெயில்

ஒரு திங்கட்கிழமை காலை அந்த மெயில் வந்தது. எங்களிடம் பாகம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு மனித உரிமை ஆலோசனைக் குழு வைத்திருக்கின்றன. உலகத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இத்தனை இடம் என்று கணக்கு. எங்கள் தென்னிந்திய வட்டாரத்துக்கு உள்ள ஒரே இடம் காலி. சப்ளையர் ஃபாக்டரிகள் தொழிலாளர்களைக் கலந்து பேசிப் பெயர் அனுப்ப வேண்டும். வாங்கும் கம்பெனிகளின் கவுன்சில் ரகசிய வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். தேர்வாகிறவர் மூன்று வருடம் இருப்பார். எந்த ஃபாக்டரியில் என்ன குறை என்று கவுன்சிலிடம் நேராகவே சொல்லலாம். நடுவில் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தகுதி மூன்று. மனித உரிமையில் அனுபவம் வேண்டும். நல்ல பெயர் வேண்டும். மூன்றாவது, நிர்வாகத்தில் முடிவெடுக்கும் பதவியில் இருக்கக் கூடாது.

மூன்றாவதைப் படித்ததும் எங்கள் வைஸ் பிரசிடென்ட் சம்பத்குமார் சார் அந்த இடத்தின் மேல் வைத்திருந்த ஆசையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"நான் எங்கம்மா முடிவெடுக்கிறேன்? எல்லாம் எம்.டி. எடுக்கிறாரு. நான் கையெழுத்து மட்டும்தானே போடுறேன்? அப்படியே ஒரு லெட்டர் அடிச்சிடுங்க" என்றார்.

அடித்தேன். 'இவர் இந்நிறுவனத்தில் எந்த முடிவும் எடுப்பதில்லை' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் சான்று கொடுத்தேன். என் சர்வீஸில் நான் எழுதிய லெட்டர்களில் தொழிலாளர்கள் ஒருவர் விடாமல் ஒத்துக்கொள்ளக் கூடியது அது ஒன்றுதான்.

அடுத்தது அனுபவம். மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூ கொடுத்ததைப் பாலினச் சமத்துவம் என்று போட்டோம். கேன்டீன் பக்கத்தில் குழாய் வைத்தது குடிநீர் உரிமை. ஆயுத பூஜைக்குக் கொடுத்த பொரிப் பொட்டலம் உணவு உரிமை. கிரிக்கெட் மேட்சில் கான்ட்ராக்ட் ஆட்களையும் ஆடவிட்டது என்ன உரிமை என்று தெரியாமல் அரை நாள் யோசித்தோம். "இன்க்ளூஷன்னு போடும்மா, எதுக்கும் பொருந்தும்" என்றார் சார். போட்டேன்.

தொழிலாளர்களைக் கலந்து பேசுவது மட்டும் பாக்கி. ஜெனரல் ஷிப்ட் பஸ் கிளம்பியதும் நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டுவது, மறுநாள் காலை பஸ் உள்ளே வருவதற்குள் கிழித்துவிடுவது என்று திட்டம் போட்டோம். ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்து பழகிய எங்கள் இருவருக்கும் செகண்ட் ஷிப்ட் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

இன்னொரு பெயர்

நாகராஜ், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். ஊர் குந்தாரப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். அந்த வாரம் அவருக்குச் செகண்ட் ஷிப்ட். நோட்டீஸைப் படித்து, கூட இருந்தவர்களிடம் அர்த்தமும் சொல்லி, அவர்களில் முப்பது பேரின் கையெழுத்தோடு தன் பெயரை எழுதிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டார். அனுபவம் என்ற இடத்தில் இரண்டே வரி. 'பதினோரு வருடமாக பிரஸ்ஸில் விரல் போனவர்களை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். அவர்கள் வீட்டில் போய்ச் சொல்வதும் நான்தான்.'

இரண்டு தரம் படித்தேன். பிறகு என் வேலையைப் பார்த்தேன். என் வேலை என்பது சாரிடம் போய்ச் சொல்வது.

சார் சொல்லியிருக்க வேண்டும், சாயங்காலமே பெங்களூருவிலிருந்து வட்டார ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "எரடு ஹெசரு யாகெ மேடம்? ஒந்து சாக்கு!" எனக்குக் கன்னடம் சரியாக வராது என்று பயந்தோ என்னவோ, தமிழிலும் சொன்னார். "ரெண்டு பேரு எதுக்கு, ஒண்ணு போதும். ஒரு சீட்டுக்கு ஒரே பேருதான் போகணும். ரெண்டு பேரு போனா வோட்டு போட வேண்டி வரும்."

"ரகசிய வோட்டுன்னுதானே சார் போட்டிருக்கு?"

"அது ரூல் மேடம். பழக்கம் வேற. நம்ம ஏரியாவுல ஒரு பேரு, மத்தவங்க ஏரியாவுல ஒரு பேரு. நாம அவங்களைக் கேக்க மாட்டோம், அவங்க நம்மளைக் கேக்க மாட்டாங்க. சேர்மன் 'ஆட்சேபணை உண்டா'ன்னு கேப்பாரு, எல்லாரும் கை தட்டுவாங்க. முடிஞ்சது. மத்த ஃபாக்டரியிலல்லாம் பேசியாச்சு, அந்த ஆளுகிட்ட நீங்க பேசி முடிச்சிடுங்க."

பேசி முடிக்கப் போனேன். நாகராஜ் டீ பிரேக்கில் நாலாம் நம்பர் பிரஸ் பக்கத்தில் நின்றிருந்தார். கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸைத் தானாக நிறுத்தும் சென்சார் ஒன்று அதில் உண்டு. ஏழு மாதமாக அது கெட்டுக் கிடந்தது. வயரை பைபாஸ் செய்து, சென்சார் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பேரை வாபஸ் வாங்கணுமாம், நாகராஜ்."

"யாரு மேடம் சொன்னாங்க?"

"எல்லாருந்தான்."

சிரித்தார். "எனக்கு ஃபாரின் போவணும்னு ஆசை கீசை இல்லீங்க மேடம். நேரா சொல்லலாம்னு போட்டிருந்திச்சு. இங்க சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது. இந்த சென்சாரை அங்கயாச்சும் சொல்லலாமேன்னுதான் எழுதிக் குடுத்தேன். நீங்களே மாட்டிக் குடுத்துட்டா எனக்கு அந்த சீட்டு எதுக்கு?"

"மாட்டிடுவாங்க. நான் பொறுப்பு."

"நீங்க சொன்னா சரிங்க மேடம்."

டூல் பாக்ஸ் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சென்சார் விஷயத்தை எழுதிக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. மறந்து விடவில்லை, எழுதினால் கீழே என் பெயர் இருக்குமே என்று யோசித்துத்தான் விட்டேன்.

ஏகமனதாக

எங்கள் வட்டாரத்தின் தேர்தல் ஆன்லைனில் டீ ஆறுவதற்குள் முடிந்தது. சேர்மன் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார், கை தட்டினார்கள். 'ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட' என்று கேட்டில் பேனர் கட்டினோம். ஆள் உயர மாலை போட்டோம். அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கான்ட்ராக்ட் ஆட்கள், அதுவும் இன்க்ளூஷன்தான்.

சென்சார் வாங்கும் ஃபைலை நாகராஜ் வாபஸ் வாங்கிய அன்றைக்கே சாரின் மேஜையில் வைத்திருந்தேன். அவர் கையெழுத்து வேண்டும். "தேர்தல் முடியட்டும்னு பாத்தேன், போட்டுடறேம்மா" என்றார். அதற்குள் பணியிடப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்ததும், பேசியதைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அறிக்கையை டைப் செய்ததும் நான்தான். அதில் பாதுகாப்பு என்ற சொல் வராத பக்கமே கிடையாது.

நாகராஜ் வாரம் ஒரு தரம் பஸ் பக்கத்தில் நிறுத்திக் கேட்பார். "மேடம், சென்சாரு?"

"ஃபைல் போயிருக்கு, நாகராஜ்."

ஒன்பதாவது வாரம் புதன்கிழமை, ஃபர்ஸ்ட் ஷிப்ட், காலை பதினொன்றரை மணி. நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நாகராஜின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

பிரஸ் ஷாப்பில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஃபாரம், யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அடிபட்டுக் கிடந்தார். நான் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அவரே சொல்லிக்கொண்டு வந்தார், எந்த வாசலில் இறக்க வேண்டும் என்று. அவர் மனைவியிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புது சென்சார் மாட்டியாகிவிட்டது. சார் போனிலேயே சரி சொல்லிவிட்டார். ஒரு நாள் வேலை.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாகராஜ் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். சென்சார் மாட்டிவிட்டார்கள் என்றேன். தலையாட்டினார். பிறகு கேட்டார். "வாபஸ் வாங்கினேனே, அதைத் திருப்பி வாங்க முடியுங்களா மேடம்?"

தேர்தல் முடிந்துவிட்டது, ரூலில் இடமில்லை என்றேன். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் வராண்டாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதேன். இந்த ஒரு வரியில் கிண்டல் எதுவும் இல்லை.

ஹெச்.ஆருக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இதுதான். ஒருவரை விட்டுக்கொடுக்கச் சொல்லி உங்களை அனுப்பினால், எதற்காக அவர் விட்டுக்கொடுக்கிறாரோ அதை முதலில் அவர் கையில் கொடுங்கள். பிறகு கையெழுத்து வாங்குங்கள். கொடுக்க முடியாதென்றால் பேசி முடிக்கப் போகாதீர்கள். வோட்டு நடக்கட்டும். பகை வந்தால் வரட்டும். பகையில் யாருக்கும் விரல் போவதில்லை.

மூன்று வருடம் கழித்து அதே இடத்துக்கு மறுபடியும் பெயர் கேட்டு மெயில் வந்தது. சார் மறுபடியும் நின்றார். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது. நாகராஜ் அப்போது ஸ்டோர்ஸில் இருந்தார். அவரிடம் கேட்டு, இடது கையால் அவர் போட்ட கையெழுத்தோடு, யாரிடமும் காட்டாமல் அவர் பெயரை நேராக அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. அதே ஒருங்கிணைப்பாளர். "மறுபடி எரடு ஹெசரா மேடம்? அவரை வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன் சார். நீங்களே ஓசூருக்கு வந்து, அவரு கையைப் பாத்துக் கேளுங்க."

அவர் வரவில்லை. அந்த வருடம் வோட்டு நடந்தது.