நாங்கள் மூன்று பேர் தொடங்கிய ஒயின் குழு

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போனபோது, அவள் என்னை ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெண் எங்கள் முன்னால் கண்ணாடிக் கோப்பைகளை வைத்துக் கொஞ்சமாக ஒயின் ஊற்றினாள். முதலில் நிறத்தைப் பாருங்கள், பிறகு முகர்ந்து பாருங்கள், அப்புறம் ஒரே ஒரு வாய் என்றாள். மனதில் தோன்றுவதைச் சொல்லலாம், இதில் தப்பான பதிலே கிடையாது என்றாள். மழை பெய்த செம்மண் மாதிரி இருக்கிறது என்றேன். அவள் சிரிக்காமல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் சமைப்பவள் நான். உப்பு, புளி, காரம் பற்றிக் கருத்துச் சொல்வது மற்றவர்கள். நான் சொன்ன ருசியை ஒருவர் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

கோவைக்குத் திரும்பி வந்ததும், சிங்காநல்லூர் குளக்கரையில் என்னோடு காலையில் நடக்கிற இரண்டு தோழிகளிடம் இதைச் சொன்னேன். ஒருத்தி பல் மருத்துவர். இன்னொருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு மதியம், பல் மருத்துவரின் கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் கூடுவதென்று முடிவானது.

ஒயின் வாங்க நானே போனேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

“சாருக்குங்களா அக்கா?”

“எனக்குத்தானுங்க.”

அவர் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு தாளையும் சுற்றிக் கொடுத்தார்.

முதல் ஞாயிறு நன்றாகவே போனது. சொத்தைப் பல் படம் ஒட்டிய அறையில் உட்கார்ந்து முகர்ந்தோம்.

“ஏனுங்கக்கா, எங்கம்மா புள்ளப்பேத்துக்குக் குடுத்த அரிஷ்டமாட்டமே இருக்குதுங்க” என்றாள் தையல்கடைக்காரி.

“எனக்குக் கிராம்பு வாசம் வருது” என்றாள் மருத்துவர்.

“அது உங்க கிளினிக் வாசம் கண்ணு!” என்றேன். வாய் வலிக்கச் சிரித்தோம். ருசி பார்த்ததைத் துப்புவதற்குத் தொட்டியும் அங்கேயே இருந்தது.

அடுத்த மாதம் என் கணவர் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதாக உள்ளே வந்தவர் உட்கார்ந்துவிட்டார். கிளினிக்குக்கு மேலே மாடி வீட்டிலிருந்து மருத்துவரின் கணவரையும் கூப்பிட்டுக்கொண்டார். எனக்குத் தோன்றிய வாசத்தை நான் சொன்னதும் என் கணவர் கைபேசியை நீட்டினார்.

“இதுல செர்ரிப் பழ வாசம் வரோணும்னு போட்டிருக்குது. உனக்கு மட்டும் எப்படி வேற வாசம் வருது?”

தையல்கடைக்காரியிடம் உனக்கு எப்படியிருக்கிறது என்று கேட்டேன். அவள் கோப்பையை மேசைமேல் வைத்தாள். “எனக்கென்னங்கக்கா தெரியும்” என்றாள். முதல் மாதம் வாய் ஓயாமல் பேசியவள் அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது மாதம் கணவர்கள் இருவரும் இன்னும் இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்தார்கள். மாடி வீட்டில் காற்று வருகிறது என்று குழுவே மேலே போனது. சில்லி சிக்கன் வந்தது. ஒயினில் சோடா ஊற்றினார்கள்.

“அம்மணி, ரெண்டு வெங்காயம் அரிஞ்சு கொண்டாந்துரு” என்று குரல் கொடுத்தார் என் கணவர்.

நான் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போய் நின்றேன். “இது நாங்க ஆரம்பிச்சதுங்க.”

“ஆரு இல்லைன்னது? நீயும் வந்து உக்காரு.”

நாற்காலி ஒன்றை எனக்காக நகர்த்தியும் போட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். வீட்டில் அவருக்கு விளக்கிச் சொல்லப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் வெங்காயத்துக்காகக் கோபித்துக்கொண்டதாகவே அவர் காதில் விழுந்தது. “நானே அரிஞ்சிருப்பேனே” என்றார்.

இனித் தையல் கடையிலேயே கூடலாம், நாம் மூன்று பேர் மட்டும் என்று குளக்கரையில் சொன்னேன். தையல்கடைக்காரி நடையை நிறுத்தினாள்.

“வேண்டாமுங்கக்கா. ஆம்பளைங்களோட உக்காந்து குடிக்கறயான்னு எங்கூட்டுக்காரரு கேட்டுப்போட்டாரு. பொம்பளைங்க மட்டும்னுதான் மொதல்ல உட்டாருங்க.”

மருத்துவர் என்னைப் பார்த்தாள். நான் குளத்தைப் பார்த்தேன். நாங்கள் அழைக்காத ஆட்களுக்காகத் தையல்கடைக்காரி தன் வீட்டில் பேச்சு வாங்கியிருக்கிறாள். அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஆண்களின் கூட்டம் இன்னமும் மாதாமாதம் நடக்கிறது. ஒயின் பிராந்தியாகிவிட்டது. என் கணவர் கிளம்பும்போது, “வாரயா?” என்று உண்மையான அன்போடுதான் கேட்கிறார்.

நான்காம் கூட்டத்துக்கு வாங்கிய பாட்டிலை ஒரு மதியம் தனியாகத் திறந்தேன். முகர்ந்தேன், ஒரு வாய் குடித்தேன். ஏதோ பழக்கப்பட்ட வாசம், பெயர் பிடிபடவில்லை. அவர்கள் இருவரும் இருந்திருந்தால் ஆளுக்கொன்று சொல்லி, நடுவில் கண்டுபிடித்திருப்போம். மூடி வைத்தேன். ஒரு வாரத்தில் புளித்துப்போனது. சமையலறைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன்.