பன்றிக்குப் போன சிறுகதைகள்

அறுபதுகளில் என் மச்சினன் நாச்சியாபுரம் பக்கம் கடலைக்கொல்லையில் பன்றி சுடுவான். வீட்டில் ஈயம் உருக்கி அவன் வார்க்கும் குண்டு, எலும்பில் பட்டதும் அப்பளமாகிவிடுகிறதாம். படித்தவன் நான், சும்மா இருக்க முடியுமா? "அச்சகத்து ஈய எழுத்தக் கொஞ்சம் சேத்து உருக்கு மாப்ளே, அது கெட்டி. நகத்தால கீறுனாலும் கோடு விழாது" என்றேன்.

அப்போது காரைக்குடி அச்சகம் ஒன்றில் என் முதல் சிறுகதைத் தொகுதி, எழுத்துக் கோத்துக் கயிறு கட்டிப் பலகையில் தயாராக இருந்தது. புரூஃபில் கமாவை மாற்றி மாற்றி, நாலு மாதமாக அச்சேறவிடாமல் தடுத்தவன் நான்தான்.

அடுத்த வாரம் போனபோது பலகை காலி. அச்சகக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒங்க மச்சினர் வந்தாக. நீங்க அனுப்புனீகன்னு சொன்னாக. எல்லாம் தேஞ்ச எழுத்து, நீங்களும் முடிக்கிற மாதிரித் தெரியல. குடுத்துட்டேன்."

"திரும்பக் கோக்கலாமே?"

"திரும்பக் கோத்தா, திரும்பத் திருத்துவீக."

அந்தப் புத்தகம் கடைசிவரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கறியோடு வந்தான். "குண்டு நசுங்கவே இல்ல அத்தான். நீங்க சொன்னது சரிதான்" என்றான். என் மனைவி பெருமையோடு எனக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். கறி நன்றாக வெந்திருந்தது. அதையும் நான் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.