இருபதாம் பக்கத்து வரைபடம்

போன மாதம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பறவை பார்க்கிற பிள்ளைகள் சிலர் சேர்ந்து, தாங்களே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஒரு சின்னப் பத்திரிகை போடப்போகிறார்களாம். "நீங்க முன்னாடியே போட்டிருக்கீங்க மேடம், எது நல்லா வந்துச்சு, எது தப்பாப் போச்சுன்னு சொல்லுங்க" என்றார்கள். போய் ஒரு மணி நேரம் பேசினேன். எந்தக் காகிதம் மடித்தால் விரிசல் விடாது, இரண்டு பக்கமும் நகல் எடுக்கும்போது தலைகீழாக விழாமல் எப்படி வைப்பது என்றெல்லாம் சொன்னேன். ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது, அதனால் அதை விரித்துத் தெர்மாகோல் மேல் வைத்துக் குத்தி, பின்னை அடியில் விரலால் மடக்க வேண்டும் என்று செய்தே காட்டினேன். கைதட்டினார்கள். தப்பாகப் போனது எது என்று கேட்டதற்கு மட்டும், ஒருமுறை பாதியில் டோனர் தீர்ந்துபோன கதையைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. அங்கே விழுங்கினதை இங்கே எழுதுகிறேன்.

செஞ்சியில் தாலுகா ஆபீஸ் பக்கம் எனக்கு ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க சாதிச் சான்றிதழ், பட்டா, ஆதார் என்று ஓடும் கடை. பறவை பார்க்கிற கிறுக்கு எனக்கு எப்போது பிடித்தது என்று தெரியாது. ஆனால் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பொம்பளை கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் தனியாக நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டை அகழிப் பக்கம் போவேன்.

பத்திரிகையில் என்னோடு கூட்டாக இருந்தவள் ஒரு கிராம சுகாதார நர்ஸ். சிங்கவரம் பக்கம் நாலைந்து ஊர் அவள் பொறுப்பு. ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு தடுப்பூசி போடப் போவாள். ஒருநாள் பிள்ளைகளின் ஊசிக் கணக்கு நோட்டை நகல் எடுக்கக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு பறவை வரைந்திருந்தது. கண் அப்படியே உயிரோடு பார்த்தது.

"இது இன்னா, செம்போத்தா?" என்றேன்.

"ஆமாக்கா. வயக்காட்டு வேலியில உக்காந்துருந்துச்சு."

"வாலு இன்னும் நீளமா இருக்கணுமே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் பாப்பீங்களாக்கா?" என்று கேட்டாள். காணாமல் போன உறவுக்காரியைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில். எனக்கும் அதே சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல், அடுத்த தடவை வாலை அளந்து வரை என்று அதட்டினேன். என் சுபாவம் அப்படி.

பத்திரிகை என் யோசனை. பெயர் வைக்கிறதிலேயே இரண்டு வாரம் சண்டை போட்டோம். கடைசியில் அவள் சொன்ன 'வாலாட்டி' நிலைத்தது. அவள் வரைவாள், ஊரில் எந்தப் பறவைக்கு என்ன பெயர், அது கத்தினால் என்ன சொல்வார்கள் என்று கேட்டு வந்து எழுதிக் கொடுப்பாள். நான் டைப் அடிப்பேன், பக்கம் கட்டுவேன், தபாலில் அனுப்புவேன். அவள் எழுத்தைத் திருத்துவேன் என்று வேறு கிளம்பி, நன்றாக இருந்த நாலு வரியைக் கெடுத்ததும் உண்டு. அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். "சரிக்கா" என்பாள். அவளுக்கு எதிர்த்துப் பேச வராது. எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

இரண்டாவது இதழ் முடிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். மணிலாக் கடலை போட்டிருந்த நிலங்களைத் தாண்டி ஒரு பாறைக் குவியல். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட குவியலுக்குப் பஞ்சமில்லை, திரும்பின பக்கமெல்லாம் உண்டு. தூரத்திலேயே ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, "இங்கேர்ந்து பாருங்க, கிட்ட போவக்கூடாது" என்றாள். பாறை இடுக்கில், மண் நிறத்தில், இரண்டு கொம்போடு உட்கார்ந்திருந்தது கொம்பன் ஆந்தை. ஊரில் கோட்டான் என்பார்கள். கண்ணில் பட்டாலே கல்லெடுத்து எறிகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஜோடி அதே இடுக்கில் கூடு வைப்பதை நாலு வருஷமாகப் பார்க்கிறாளாம். ஊசி போட்டு முடித்து, தினமும் இந்த மரத்தடியில்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாளாம்.

"ஊட்ல ஒருத்தரு, சென்டர்ல ஒருத்தரு, போன்ல ஒருத்தரு, எல்லாரும் எங்கிட்ட இன்னாத்தையாவது கேட்டுக்கினே இருக்காங்க. இதுங்க ரெண்டும் ஒண்ணும் கேக்காதுக்கா. அரைமணி நேரம் இங்க உக்காந்தாதான் மறுநா எழுந்துக்க முடியுது" என்றாள். பிறகு, "ஆருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்றாள்.

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். நான் சொல்லவும் இல்லை. வரைந்தேன்.

நாலாவது இதழ். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், ஏழு தாளுக்கு இருபத்தெட்டு பக்கம். எங்களிடம் இருபத்தேழு பக்கத்துக்குத்தான் விஷயம் இருந்தது. மீதி ஒரு பக்கம் அவள் தருவதாகச் சொல்லியிருந்தாள். போலியோ சொட்டு மருந்து முகாம் வந்து மாட்டிக்கொண்டாள், போனை எடுக்கவில்லை. இருபதாம் பக்கம் வெற்றாக நின்றது. எனக்கு வெற்றுப் பக்கத்தைக் கண்டால் ஆகாது. கடையில் ஒரு தாள் சும்மா வெளியே வந்தாலே வயிறு எரிகிறவள் நான். ஸ்கேலை எடுத்து ஒரு வரைபடம் போட்டேன். ஊர்ப் பெயர் எதுவும் எழுதவில்லை. தார் ரோடு, கல் மதகு, ஒற்றைப் பனை, பம்புசெட், வேப்பமரம், அம்புக்குறி. 'கொம்பன் ஆந்தையைத் தேடி' என்று மேலே தலைப்பு. பெயர் போடாததால் யாருக்கும் தெரியாது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்த ரோட்டில் ஒருமுறை போனவனுக்கு அது போதும்.

அவள் முகாம் முடிந்து கடைக்கு வந்தபோது எல்லாம் அச்சாகி, மடித்து, பின் குத்தி அடுக்கியிருந்தது. நின்றபடியே புரட்டிக்கொண்டு வந்தவள் அந்தப் பக்கத்தில் நின்றாள்.

"இது இன்னாத்துக்குக்கா?"

"ஒரு பக்கம் காலியா இருந்துச்சு."

"காலியாவே உட்டிருக்கலாமே."

குரல் ஏறவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. "இத மட்டும் கிழிச்சிடலாமாக்கா?" என்றாள். கிழித்தால் அதே தாளின் மறுபாதி, ஒன்பதாம் பக்கம், பிடிப்பில்லாமல் கழன்று வந்துவிடும் என்றேன். அது உண்மைதான். "அப்ப மேல ஒரு வெள்ளப் பேப்பர ஒட்டிடலாம். நானே உக்காந்து எல்லாத்துக்கும் ஒட்டித் தரேன்" என்றாள். அசிங்கமாக இருக்கும், நாலு பேர் சிரிப்பார்கள் என்று ஒரே போடாகப் போட்டேன்.

இங்கேதான் நான் மறைத்தது இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் என் கட்டுரை. வாழ்நாளில் நான் முதன்முதலாக என் பெயர் போட்டு எழுதியது. கோட்டை அகழியில் மீன்கொத்தி பார்த்தது பற்றி. அது ஒட்டுப்போட்ட, நைந்த பத்திரிகையில் போகக்கூடாது என்று எனக்கு இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு ஒரு மண்ணும் இல்லை. கடை என்னுடையது, மெஷின் என்னுடையது, அவள் என்ன செய்வாள்? "சரிக்கா" என்றாள். மறுநாள் காலையிலேயே எல்லாப் பிரதியையும் தபாலில் சேர்த்துவிட்டேன். அவள் மறுபடி வந்து கேட்பதற்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும் என்றுதான் அத்தனை அவசரம்.

அந்த இதழுக்கு வந்த பாராட்டு வேறு எதற்கும் வரவில்லை. வரைபடம் பிரமாதம் என்று போன் மேல் போன். யாரோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார். என் கட்டுரையைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரில் மூன்று பேர் கடைக்கே வந்து வழி கேட்டார்கள். தங்கமான மனிதர்கள். பறவை மேல் உயிரை வைத்திருப்பவர்கள். கேமராவை ஒரு கைக்குழந்தையைத் தூக்குவது போல் தூக்கினார்கள். பத்திரிகையைக் கையில் வைத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானே கூடப் போனேன். அவள் வண்டி நிறுத்தின வேப்பமரத்தைத் தாண்டி, பாறைக்குக் கீழேயே கொண்டுபோய் நிறுத்தினேன். இடுக்கில் இரண்டு குஞ்சு, வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி. அடுத்த ஞாயிறு ஏழு பேர். அதற்கடுத்த ஞாயிறு பதினைந்து பேருக்கு மேல். ஸ்டாண்டு போட்டு, காலை ஏழு மணிக்கு வந்தவர்கள் மத்தியானம் மூன்று வரை நின்றார்கள். நான் ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தாய் ஆந்தை அன்றைக்கு எதிர்ப்பாறையில் வந்து உட்கார்ந்திருந்தது. பட்டப்பகலில், வெட்டவெளியில், காக்கைகள் கொத்தக் கொத்த அசையாமல் இருந்தது. "பாருங்க, எவ்ளோ அழகா போஸ் குடுக்குது" என்று சொன்னது நான்தான். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பகலில் அந்த மாதிரி ஒரு ஆந்தை வெளியே உட்கார்ந்தால் அது குஞ்சிடம் போக வழியில்லாமல் தவிக்கிறது என்று அவள் ஒரு பார்வையில் சொல்லியிருப்பாள். அவளை நான் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால் கலைந்து போகச் சொல்லிவிடுவாள் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். கடையில் ஆள் இருந்தது. எல்லாரும் போகிற வரைக்கும் ஓரமாக நின்றாள். செருப்பெல்லாம் செம்மண்.

"ரெண்டும் செத்துப்போச்சுக்கா" என்றாள்.

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி எது என்று கேட்டேன்.

"குஞ்சு. ஒண்ணு கீழ உழுந்துருக்குது. ஒண்ணு மேலேயே கெடக்குது. இந்த வெயில்ல அம்மா மேல உக்காந்து நெழலு குடுக்கணும்க்கா. அது வர முடியல போல. கீழ பூரா ஷூ தடம்."

அப்போதே அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் மனுஷி. கோபம்தான் வந்தது. "அதுக்கு? நானா கொன்னேன்? வந்தவங்கெல்லாம் பட்சிய உயிரா நெனைக்கிறவங்க, தெரியுமா?" என்று கத்தினேன்.

"நான் அப்டி சொல்லலியேக்கா" என்றாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, அழுது, ஒருவேளை ஆறியிருப்பேன். அதற்கும் வழி விடவில்லை.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். ஊதினவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஜோடி மறு வருஷம் அங்கே வரவில்லை. போய்ப் பார்த்தேன், இடுக்கில் பழைய எச்சம் மட்டும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஐந்தாவது இதழ் வரவே இல்லை. படம் தரச் சொல்லி நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. எட்டு மாதம் கழித்து, ஒரு மழை நாளில், கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, என்னை மன்னித்துவிடு என்றேன். "அட உடுங்கக்கா, ஆனது ஆச்சு" என்றாள். என் மனசு நோகக் கூடாது என்று சொன்னாள். அவள் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் வருகிறாள். படிவங்களை நகல் எடுக்கிறாள், வீட்டு நலம் விசாரிக்கிறாள். அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒவ்வொரு தடவையும் திருட்டுத்தனமாகப் பார்க்கிறேன். ஊசிக் கணக்கு முடிந்த இடத்துக்கு அப்புறம் கோடு போட்ட காகிதம்தான் இருக்கிறது. மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "சென்டர்லயே சாப்ட்டுடுவேன்க்கா, அங்க ஃபேன் இருக்குது" என்றாள். முகம் ரொம்பக் களைத்திருந்தது.

இந்தத் தை மாதம் ஒரு சாயங்காலம். அவள் கடை வாசலில் நின்று படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தாலுகா ஆபீஸ் மேல் சோளக்குருவிக் கூட்டம் வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. வானம் சுருண்டு விரிந்தது. டீக்கடையில் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்கள் ரோட்டுக்கு வந்தார்கள். சான்றிதழுக்கு வந்த கிழவர் வாயைத் திறந்தபடி நின்றார். ஆட்டோக்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் குனிந்து படிவத்தில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏய், மேல பாரேன்" என்றேன்.

"வேணாம்க்கா" என்றாள். "பாத்தா புடிச்சிப்பூடும். புடிச்சா ஆருக்காவது காட்டணும்னு தோணும்."

கூட்டம் ஏரிப் பக்கம் போய்ச் சத்தம் அடங்கின பிறகுதான் அவள் தலையை நிமிர்த்தினாள்.