மூன்று கம்ப்யூட்டரும் ஒரு சர்வரும்

கம்ப்யூட்டர் ரூம் என்றாலே எனக்கு இன்றைக்கும் சாக்ஸ் நாற்றம்தான் முதலில் வரும்...

மன்னார்குடியில் நாங்கள் படித்த சென்டரில் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே ஏசி. ஊரிலேயே முதல் ஏசி அதுதான். சரி, பேங்க்கில் ஒன்று இருந்தது. இரண்டாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் வராத காலம். பிளஸ் டூவில் கோட்டை விட்ட நான், சி லாங்வேஜில் புலி. வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்பார். ஒரு தடவை கேட்டார்... பிரிண்டரில் பேப்பர் மாட்டுவது பற்றி.

என் கூட்டாளி கூத்தாநல்லூர் சாதிக். வாயே திறக்கமாட்டான். துபாயில் அவன் மாமா கடை வேலைக்கு விசா எடுத்து வைத்துக்கொண்டு வாரம் ஒரு போன் போடுவார். இவனுக்குப் போக மனசில்லை. "இங்கயே ஒரு வேலை கெடச்சா வாப்பா ஒண்ணும் சொல்லமாட்டாங்க மாப்ள" என்பான்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் ஆள் எடுக்க வந்தார். ஒரே ஓர் இடம். இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சாக்கெட் சர்வர் எழுதச் சொன்னார். பெரிய வித்தை இல்லை. ஒரு கம்ப்யூட்டர் காத்திருக்கும். இன்னொன்று ஒரு வரி அனுப்பினால் அதையே திருப்பி அனுப்பும். காத்திருக்கும் சர்வர் என் பொறுப்பு. வரி அனுப்பும் கிளையன்ட் சாதிக் பொறுப்பு.

எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர். மேல் வயல்காரன் மடையை அடைக்கும் வரை கீழ் வயல்காரன் மண்வெட்டியோடு காத்திருக்க வேண்டும். சர்வரையும் நான் அப்படியே எழுதினேன். முதலில் வந்தவன் முடித்துவிட்டுப் போனால்தான் அடுத்தவனுக்குப் பதில். எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.

சாதிக்கின் கிளையன்ட்டைத் தன் மெஷினில் ஓட்டி "ஹலோ" என்று அடித்தார் கம்பெனிக்காரர். ஹலோ திரும்பி வந்தது. அவருக்குத் திருப்தி. எழுந்திருக்கப் போனவரை நான்தான் சும்மா விடவில்லை.

"நூறு பேர் ஒரே நேரத்துல வந்தாலும் என் சர்வர் தாங்கும் சார்."

நூறு வேண்டாம், இரண்டு போதும் என்றார். தன்னுடையதை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, மூன்றாவது மெஷினில் சாதிக்கை உட்காரச் சொன்னார். சாதிக் அடித்தான். காத்திருந்தான்... பதில் வரவில்லை. திரும்ப அடித்தான். திரையில் சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"யார் பக்கம் கோளாறு?"

"கிளையன்ட்லதான் சார் இருக்கும். என் சர்வர் உங்களுக்குப் பதில் குடுத்துச்சே" என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நம்பினேன். சாதிக் என்னைப் பார்த்தான். பிறகு தன் ப்ரோக்ராமைப் பார்த்தான். "எங்கயோ விட்டுட்டேன் சார்" என்றான்.

வேலை எனக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் அவன் துபாய்க்கு விமானம் ஏறினான்.

சென்னையில் முதல் வாரமே சீனியர் ஒருத்தி என் சர்வரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒருத்தன் போகாமல் உட்கார்ந்திருந்தால் மற்றவன் கதி என்ன என்று கேட்டாள். அன்றைக்கே சாதிக்குக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். அட்ரஸ் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் வாப்பாவின் கடை கூத்தாநல்லூர் கடைத்தெருவில்தான் இருந்தது.

அந்த வேலையிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் நான் நிலைக்கவில்லை. அது வேறு விஷயம்.

போன மாதம் சாதிக் லீவில் வந்திருந்தான். தலை முழுக்க நரை. இன்னும் மாமாவின் அதே துபாய்க் கடைதான். மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளிடம் என்னைக் காட்டி, "இந்த மாமா அந்தக் காலத்துலயே சர்வர் எழுதினவரு. நான் எழுதினதுதான் சரியா வரலம்மா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அந்தப் பெண் தன் செல்போனிலேயே ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லும் சர்வரை ஓட்டிக் காட்டினாள். அன்றைக்கு எங்களுக்கு ஒரு வரி திரும்பி வந்ததே உலக அதிசயம்... தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

சாதிக், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் ப்ரோக்ராம் சரியாகத்தான் இருந்தது. மகளிடம் சொல்லிவிடு.