பின் சீட்டில் பெர்னடெட்

இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளைக் கண்டால் சாலையில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு ஜோக்குதான் தோன்றும். அதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்ற நினைப்பும் ஒவ்வொருவனுக்கும் இருக்கும். காப்பார் பக்கம் மோட்டாரில் போகிறவன், "அபாங், காகாக் பெலாகாங் தா காயூ" என்று மலாயில் கத்திவிட்டுப் பறப்பான். கிள்ளானில் பூக்கடை வாசலில் நிற்கிறவர் அதையே தமிழில் சொல்வார்: "அண்ணே, பின்னால அக்கா மிதிக்கவே இல்ல, ஏமாத்துறாங்க." சேகிஞ்சானில் மீன் விற்கும் சீனர் வார்த்தை இல்லாமல் கையாலேயே காட்டிச் சிரிப்பார்.

இதையெல்லாம் பெர்னடெட் பொறுத்துக்கொண்டாள். வழியில் போகிறவன் எதையோ சொல்லிவிட்டுப் போகிறான். அவளால் பொறுக்க முடியாதது முன் சீட்டிலிருந்து வரும் பதில்தான்.

"அவங்க பாசெஞ்சர் லா," என்பார் அவள் கணவர் அம்புரோஸ். ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

அம்புரோஸ் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க முன்னால் உட்கார்ந்தே பழகியவர். பெர்னடெட் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நின்றுகொண்டு வேலை பார்த்தவள். நின்று பழகிய காலுக்கு ஒரு பலம் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போகும் நாட்களில் அரிசி மூட்டையோடு படியேறுகிறவள் அவள்தான். அம்புரோஸ் கோழி முட்டை அட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வருவார்.

அந்தச் சைக்கிளை அம்பாங்கில் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினார்கள். முன்னால் உட்காருகிறவருக்குப் பெயர் கேப்டன், பின்னால் இருப்பவருக்கு ஸ்டோக்கர் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஸ்டோக்கர் என்றால் பழைய ரயிலில் நெருப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அம்புரோஸின் அப்பா ரயில்வேயில் செய்தது அந்த வேலையேதான். சொந்தக்காரர்கள் கூடினால் அம்புரோஸ் அந்தக் கதையை எடுத்துவிடுவார். "எங்கப்பா கரி போடாட்டி வண்டி ஒரு இஞ்ச் நகராது. ஆனா சலாமெல்லாம் டிரைவருக்குத்தான்." சொல்லும்போது கண் கலங்கும். ஆரம்ப காலத்தில் பெர்னடெட்டுக்கும் கலங்கியது. பிறகு அந்தக் கதை தொடங்கும்போதே பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாள்.

இப்படிச் சொல்வதால் அவளுக்குச் சைக்கிள் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அது அவளுக்கு உயிர். சேகிஞ்சானில் அறுவடை முடிந்து வயலெல்லாம் வெட்டவெளியாகக் கிடக்கும்போது, கடலிலிருந்து வரும் காற்றில் மிதித்துப் போய்க் கரையோரம் கூடாரம் அடித்துத் தங்குவதற்காக வாரம் முழுக்கக் காத்திருப்பாள். மங்கோலியாவுக்குப் போவோம் என்ற ஆசையும் முதலில் அவளுடையதுதான். "பைத்தியமா உனக்கு?" என்று கேட்டவர் அம்புரோஸ். கொஞ்ச நாளில் அது அவருடைய யோசனையாகிவிட்டது. அது எப்போது கைமாறியது என்று அவளுக்கே தெரியாது.

இந்தச் சைக்கிளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். முன் பெடலையும் பின் பெடலையும் ஒரு சங்கிலி சேர்த்துக் கட்டியிருக்கிறது. முன்னால் இருப்பவர் கால் சுற்றினால் பின்னால் இருப்பவர் காலும் சுற்றியே ஆகவேண்டும். அழுத்தி மிதிக்கிறாளா, காலைச் சும்மா சுழல விடுகிறாளா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. முன் சீட்டுக்காரருக்கு மட்டும் பாரத்தில் தெரியும். தெரிய வேண்டும்.

மங்கோலியாவில் அவர்கள் போன வழி முழுக்கப் புல்வெளி. மரமில்லை, சுவரில்லை, காற்றுக்குத் தடை என்று ஒன்றுமே இல்லை. காலையில் எழுந்தால் காற்று எதிரே நிற்கும், மாலையில் படுத்தால் கூடாரத்தைப் பிய்க்கும். கூடாரம் பறந்துவிடாமல் பெர்னடெட் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொள்வாள். அம்புரோஸ் முளை அடிப்பார். அடுப்பை அணையாமல் காத்து மேகி கிண்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த நெத்திலிச் சம்பலை அதில் கலந்து கொடுப்பாள். அம்புரோஸ் அதைப் படம் எடுத்துக் கோயில் வாட்சப் குழுவுக்கு அனுப்புவார். அவள் கையும் கரண்டியும் மட்டும் படத்தில் வரும்.

ஒரு நாள் காலையில் நடுவெளியில் ஒரு வேன் வந்து நின்றது. ஹேண்டில்பாரில் மலேசியக் கொடியைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பெட்டாலிங் ஜெயாக்காரர்கள், தமிழர்கள். முறுக்கு கொடுத்தார்கள், சேர்ந்து படம் எடுத்தார்கள். அதில் ஒரு பெண் பெர்னடெட்டின் தோளைத் தட்டி, "ஆன்டி, குடுத்து வச்சவங்க நீங்க. அங்கிள் மிதிக்கிறாரு, நீங்க சீன் பாத்துக்கிட்டே வரீங்க," என்றாள்.

என்ன சீன்? அத்தனை நாளும் அவள் பார்த்தது அம்புரோஸின் முதுகை.

"பாசெஞ்சர் லா," என்றார் அம்புரோஸ். "டிக்கெட்கூட வாங்கல."

வேன் போனது. சரி, பாசெஞ்சராகவே வருகிறேன் என்று பெர்னடெட் முடிவு செய்தாள். பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. அதில் இருந்த அழுத்தத்தை மட்டும் எடுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் திரும்பி, "என்ன பெர்னி, மிதிக்கலையா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுவிட்டால், இத்தனை வருஷமும் அவள் மிதித்தது அவருக்குத் தெரியும் என்று அர்த்தம். கேட்ட அடுத்த நொடி முன்னைவிட வேகமாக மிதிக்கத் தயாராக இருந்தாள்.

சைக்கிள் தவழ்ந்தது. அம்புரோஸ் இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தார். மறுபடி ஏறினார். மறுபடி இறங்கி பிரேக் உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார். சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். பிறகு பாரம் அதிகம் என்று முடிவு கட்டி, பைகளைத் திறந்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒரு சட்டியையும் ஒரு கம்பளிச் சால்வையையும் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டும் அவள் பையிலிருந்து எடுத்தவை. அவளிடம் கேட்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கடைசியில் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது.

"முடிஞ்சிருச்சு பெர்னி. என் காலு போச்சு. எனக்கு வயசாயிருச்சு."

காலையிலிருந்து கட்டிக் காத்த கோபம் அங்கேயே கரைந்துவிட்டது. பெண்டாட்டிகளுக்கு இப்படி ஒரு கெட்ட வழக்கம் உண்டு. தண்ணீர் கொடுத்தாள், முகத்தைத் துடைத்துவிட்டாள், ஏறுங்க என்றாள். இந்தத் தடவை காலை ஊன்றி அழுத்தினாள். சைக்கிள் சீறிக்கொண்டு போனது.

"பாத்தியா, காத்து அடங்கிருச்சு," என்றார் அம்புரோஸ்.

காற்று அடங்கவில்லை. புல் முன்போலவே தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

ஊர் திரும்பியதும் பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் ஞாயிறு பூசைக்குப் பிறகு அம்புரோஸைப் பேச வைத்தார்கள். திரையில் படங்கள் ஓடின. அந்த நாளைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார். "அப்படி ஒரு காத்த நீங்க பாத்திருக்க மாட்டீங்க. செத்துட்டேன்னே நெனச்சேன். விட்டேனா?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெர்னடெட் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தானும் இப்படி ஒரு சைக்கிள் வாங்க ஆசைப்பட்ட ஓர் இளம்பெண் எழுந்து, "ஆன்டி, நீங்களும் மிதிச்சீங்கதானே?" என்று கேட்டாள். அம்புரோஸ் வாயைத் திறப்பதற்குள் யாரோ பெர்னடெட் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"எல்லா நாளும் மிதிச்சேன்," என்றாள். "அவரு சொன்னாரே, அந்த ஒரு நாளுதான் மிதிக்கல. அன்னிக்கு அவருக்குக் கனத்தது காத்து இல்ல."

மண்டபம் அதிரச் சிரித்தது. அவர் அன்று சொன்ன எந்த வேடிக்கைக்கும் இவ்வளவு சிரிப்பு வரவில்லை. அம்புரோஸ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, மேம்பாலத்துக்குக் கீழே அவரை நிறுத்தினாள்.

"ஏங்க, நான் ஜோக்கு அடிக்கல. நெசத்தச் சொன்னேன்."

வேன் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். எந்த இடத்தில் அழுத்தத்தை எடுத்தாள், எந்த இடத்தில் மறுபடி மிதித்தாள், அவர் டயரை அமுக்கியபோது தன் மனம் எப்படித் துடித்தது, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். வாழ்க்கையில் அவள் பேச்சை அவர் முழுதாகக் கேட்டது அன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.

அம்புரோஸ் அவள் தோளில் கை வைத்தார். குரல் அவ்வளவு இதமாக இருந்தது.

"அதுக்கென்ன பெர்னி. ஒரு நாளு முடியாமப் போறது யாருக்கும் வர்றதுதான். இதப் போயி மனசுல வச்சிக்கிட்டு இருந்தியா? நான்தான் ஒத்த ஆளா சமாளிச்சிட்டேன்ல."

அவளை அவர் மன்னித்துவிட்டார். மனதார மன்னித்துவிட்டார்.